உலைக்குப் போக மீதி

ஜனவரி 9

வாலுவின் அப்பாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் இரண்டு பேர் குரலும் ஏறிவிடுகிறது. போன மாதம் அப்படித்தான், வாலு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் என்று நீங்களே சொன்னீர்கள். பதினோரு வயதுப் பிள்ளை நம் சண்டைக்குப் பயந்து ஒளிய வேண்டாம். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் கத்த முடியாது அல்லவா.

விஷயம் இதுதான். பல் லேப் வேலையை விடுகிறேன். பன்னிரண்டு வருடம் அங்கே உட்கார்ந்து டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து யார் யாருக்கோ பல் செட்டும் பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப்பும் செய்து கொடுத்தாகிவிட்டது. பிப்ரவரியோடு கடைசி. மார்ச்சிலிருந்து அதே வேலையைச் சொந்தமாகச் செய்யப் போகிறேன்.

நாம் பிரிந்த இந்த நாலு வருடமும் முதலாளி என் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைப் பிடித்து, வாலுவுக்காகப் பராமரிப்பு அலுவலகத்துக்குக் கட்டிவிடுவார். முதல் தேதி அது உங்கள் கணக்கில் விழும். இனிமேல் பிடிப்பதற்குச் சம்பளம் என்று ஒன்று இருக்காது. நானே அனுப்புவேன்.

உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. தெரியப்படுத்துகிறேன்.

வாலுவின் அம்மா

ஜனவரி 17

வாலுவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம் என்று எழுதினால் அது பொய்.

டிப்போவில் என்னை எப்படிக் கிண்டல் செய்வார்கள் என்று உனக்குத் தெரியாது. "எங்களுக்கெல்லாம் சம்பளத்துல பிடிப்பாங்க, உனக்கு மட்டும் சேத்துக் குடுக்கறாங்க" என்பார்கள். பிள்ளைக்கு அம்மா பணம் கட்டுவதை இவர்கள் பார்த்ததில்லை. நானும் சிரித்துவிட்டு பஸ்ஸை எடுப்பேன். அந்தப் பணம் முதல் தேதி வந்துவிடும் என்பதால்தான் சிரிக்க முடிந்தது. வீட்டு வாடகை ஐந்தாம் தேதி, ஸ்கூல் வேன் ஏழாம் தேதி. இந்த இரண்டுக்கும் உன் தொகையைத்தான் நம்பியிருக்கிறேன். என் டிரைவர் சம்பளம் மற்றதுக்குப் போய்விடுகிறது.

நீ சொந்தத் தொழில் என்றதும் எங்கள் கண்டக்டர் ஒருவர் தன் தங்கை கதையைச் சொன்னார். அவள் புருஷன் ஏசி மெக்கானிக். "தனியா தொழில் பண்றேன்னு போனாருங்க. அன்னையிலேருந்து காகிதத்துல அவரு பரம ஏழை. வாசல்ல மட்டும் புதுக் கார் நிக்குது. எந்தங்கச்சி மூணு வருஷமா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறா" என்றார்.

நீ அப்படிச் செய்வாய் என்று சொல்லவில்லை. ஆனால் சம்பளச் சீட்டு அடுத்தவர் எழுதுவது. சொந்தக் கணக்கு நாமே எழுதுவது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. இரண்டு பேரும் சேர்ந்து பெற்ற பிள்ளை விஷயத்தில் 'தெரியப்படுத்துகிறேன்' என்று எனக்கு இனி எழுதாதே.

வாலுவின் அப்பா

பிப்ரவரி 20

வாலுவின் அப்பாவுக்கு,

அந்த வார்த்தை தப்புதான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முடிவை வாங்கிக்கொள்ளவில்லை.

அறை பிடித்துவிட்டேன். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, பத்தடிக்குப் பன்னிரண்டடி. கீழே அவர்கள் ரிம்மைத் தட்டினால் என் மேஜையில் மெழுகுக் கிண்ணம் ஆடுகிறது. ஆனால் வடக்குப் பார்த்த ஜன்னல். பல்லுக்கு நிறம் பார்க்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். நேர் வெயிலில் பார்த்தால் எல்லாப் பல்லும் வெள்ளைதான், ஆள் வாயில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் மஞ்சள் தெரியும். பீங்கான் சுடுகிற உலை ஒன்றைத் தவணையில் எடுத்திருக்கிறேன். மூன்று டாக்டர்கள் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் பெரிய கிளினிக்காரர்.

ஏன் விட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மூன்று வருடமாகச் சம்பளம் ஏறவில்லை. முதலாளி தன் மாப்பிள்ளையை எனக்கு மேலே சூப்பர்வைசராகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். கடைவாய்ப் பல்லையும் முன்பல்லையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று கேட்கிற மாப்பிள்ளை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாதம் இரண்டு சனிக்கிழமை வாலுவைப் பார்க்கலாம் என்று நமக்குத் தீர்ப்பாகியிருக்கிறது. போன வருடம் இருபத்து நாலில் ஒன்பதுக்குத்தான் என்னால் வர முடிந்தது. மீதிக்கெல்லாம் "டெலிவரி இருக்கேம்மா, அடுத்த வாரம் போயேன்" என்றார் முதலாளி. ரயிலில் ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கிற பிள்ளையை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று எத்தனை நாள் பார்ப்பது? என் சனிக்கிழமை என் கையில் இருக்க வேண்டும். அதற்குத்தான்.

வாலுவின் அம்மா

ஏப்ரல் 12

வாலுவின் அம்மாவுக்கு,

மார்ச்சில் பாதிதான் வந்தது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ஆகிறது, இன்னும் ஒன்றும் வரவில்லை. மூன்று முறை செய்தி அனுப்பினேன். மூன்றாவதுக்கு 'பார்க்கிறேன்' என்று ஒரு பதில். எதைப் பார்க்கிறாய்?

வேன்காரர் வாசலில் நின்று கேட்கும்போது வாலு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்குத் தரேன்" என்றேன். "நேத்தும் இதத்தான் சொன்னீங்க சார்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நேற்றும் அதைத்தான் சொன்னேன்.

பராமரிப்பு அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டேன். உன் வருமானத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உனக்கும் ஒரு படிவம் வரும். அதில் உண்மையை எழுது.

இந்தச் சனிக்கிழமையும் வர வேண்டாம். வாலுவுக்கு மறுபடி ஜுரம்.

வாலுவின் அப்பா

ஏப்ரல் 21

வாலுவின் அப்பாவுக்கு,

ஏப்ரல் பணம் நேற்று அனுப்பினேன், முழுசாக. மார்ச் பாக்கியை மே மாதம் தருகிறேன். அந்தப் பெரிய கிளினிக் டாக்டர் வேலையை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருவாராம், இது எனக்கு முன்னால் தெரியாது. மற்ற இருவரும் சின்ன டாக்டர்கள், கையோடு தருகிறார்கள், ஆனால் வேலை கொஞ்சம்தான். செய்த வேலைக்குக் காசு வராமல் ஒரு மாதம் ஓட்டுவது எப்படி என்று இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். பதில் போடாமல் இருந்தது தப்பு. என்ன எழுதுவது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மனு கொடுத்தது உங்கள் உரிமை. அதற்குக் கோபமில்லை.

ஜுரத்துக்குத்தான் கோபம். போன சனிக்கிழமை சாயந்திரம் வாலுவைப் போனில் கூப்பிட்டு, "உடம்பு எப்படிடா இருக்கு?" என்றேன். "எனக்கா? நான் இப்பதான் நீச்சல் முடிச்சுட்டு வரேன்" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். உன் அப்பா பொய் சொன்னார் என்று பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணம் வேறு, சனிக்கிழமை வேறு. பணம் பிந்தினால் என்னை ஆபீஸுக்கு இழுங்கள், வருகிறேன். பிள்ளையைப் பூட்டி வைக்காதீர்கள்.

வாலுவின் அம்மா

ஜூன் 6

வாலுவின் அம்மாவுக்கு,

முதலில் இதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதமாட்டேன். இரண்டு முறையும் ஜுரம் இல்லை. உன் மேல் இருந்த எரிச்சலில் அப்படிச் செய்தேன். நீ எதிரில் இல்லை, வாலு எதிரில் இருந்தாள், அடி அவளுக்கு விழுந்தது. இனி அப்படி நடக்காது. நீ வராத அந்த நாட்களுக்குப் பதிலாக லீவில் ஒரு வாரம் அவளை அங்கே அனுப்புகிறேன்.

இனி நீ செய்ததற்கு வருகிறேன்.

அலுவலகத்திலிருந்து முடிவு வந்திருக்கிறது. இனி நீ மாதாமாதம் கட்ட வேண்டியது பழைய தொகையில் மூன்றில் ஒரு பங்கு. நீ எழுதிக் கொடுத்த கணக்கின் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். வரவு நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே வாடகை, மின்சாரம், மெழுகு, பீங்கான் பொடி, பயணம். அதற்கும் கீழே உலை. தவணை அல்ல, உலையின் மொத்த விலையையும் இந்த வருடத்துச் செலவாகக் காட்டியிருக்கிறாய். எல்லாம் போக லாபம் என்று ஒரு சின்ன எண். அந்தச் சின்ன எண்ணில் நாலில் ஒரு பங்கு என் பிள்ளைக்கு.

அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாவிடம் கேட்டேன், இது சரியா என்று. "சட்டப்படி சரிதாங்க" என்றார். எனக்கு எதிர்த்து எழுத முப்பது நாள் இருக்கிறது.

அந்தக் காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் வாலு அதன் மேல் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, இது அம்மாவோட கணக்கா?"

"ஆமா. குடு."

"இதுல நான் எங்க இருக்கேன்?"

எனக்குச் சட்டென்று வாயில் வந்துவிட்டது. "மீதியில" என்றேன்.

விரலைக் கீழ் வரிக்கு நகர்த்தினாள். "மீதி இல்லன்னா?"

இதற்குப் பதிலை நீதான் சொல்ல வேண்டும். எனக்கு அல்ல, அவளுக்கு. உலைக்குத் தீனி போட்டு மிஞ்சினால்தான் பிள்ளைக்கா?

வாலுவின் அப்பா

ஜூன் 30

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று நாள் ஒரு கேப்கூட உருப்படியாக வரவில்லை. பீங்கான் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கணக்கு எழுத ஒருவரிடம் போனேன். படிவத்தைப் பார்த்துவிட்டு, "உலை முழுசையும் இந்த வருஷமே செலவா காட்டிடுங்க மேடம். வரியும் குறையும், பிள்ளைக்குக் கட்டறதும் குறையும். எல்லாரும் செய்யறதுதான்" என்றார். "தப்பில்லையே?" என்று கேட்டேன். "துளிகூட இல்ல" என்றார். கையெழுத்துப் போட்டேன். போடும்போது நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். நான் பொய் எழுதவில்லை. ஆனால் உண்மையை எந்த வரிசையில் எழுதினேன் என்பதை ஒரு பிள்ளை விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

போன திங்கட்கிழமை உங்கள் ஊருக்கே வந்து அலுவலகத்துக்குப் போனேன். நீங்கள் சொன்ன அதே அம்மாவாகத்தான் இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தார்.

"என்னம்மா, தொகைய இன்னும் குறைக்கணுமா?"

"இல்லைங்க, ஏத்தணும்."

"பணம் வாங்கறவங்களா நீங்க?"

"இல்லைங்க, கட்டறவ."

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஏத்தணும்னு அவருல்ல வந்து கேக்கணும்?"

"அவரு வர்றதுக்குள்ள நான் வந்துட்டேன்."

பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இங்க பாருங்களேன், பதினெட்டு வருஷ சர்வீஸ்ல முதல் ஆளு" என்றார். பிறகு உட்கார வைத்து விளக்கினார். சொந்தத் தொழில் என்றால் லாபத்தை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போடுவார்களாம். ஆனால் அம்மா அப்பா இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஒரு தொகையை நிலையாகப் பதிந்துகொள்ளலாம். பழைய சம்பளத்தில் பிடித்த அதே தொகையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் லாபம் இறங்கினாலும் அது இறங்காது. லாபம் பழைய சம்பளத்தைத் தாண்டினால் தொகையும் சேர்ந்து ஏறும். இதோடு படிவம் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

எங்கிருந்து கட்டுவாய் என்று கேட்பீர்கள். பழைய லேப்புக்கே போய், காலை நேரத்தில், ஒரு செட்டுக்கு இவ்வளவு என்று பீஸ் கணக்கில் பல் செட் செய்து தருகிறேன் என்றேன். மாப்பிள்ளை பல்லைக் காட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை அங்கே, அதற்குப் பிறகு என் அறை.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். எனக்கு முதல் தேதி என்று ஒரு தேதி இனி கிடையாது. டாக்டர்கள் தருகிற தேதிதான். பதினைந்தாம் தேதி வரை அவகாசம் கொடுங்கள்.

வாலுவிடம் நானே பேசினேன். "உன்னைக் கீழ் வரியில எழுதினது தப்பு. இப்போ மேல எழுதிட்டேன்" என்றேன். "எதுக்கு மேல?" என்றாள். "வாடகைக்கும் மேல" என்றேன். "அப்போ வாடகை குடுக்கலன்னா உன்னைத் துரத்திடுவாங்களே?" என்றாள். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

வாலுவின் அம்மா

ஜூலை 8

வாலுவின் அம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா உன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கிற அளவுக்கு.

பதினைந்தாம் தேதிக்கு எனக்குச் சம்மதம். வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டேன். "டிரைவருக்கு முதல் தேதி சம்பளம் வரும்ல?" என்றார். "எனக்கு வரும். எம் பொண்ணோட அம்மாவுக்கு வராது. அவங்க சொந்தத் தொழில்" என்றேன். யோசித்துவிட்டு, வாடகையைப் பதினெட்டாம் தேதி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வேன்காரரிடமும் அதையே சொன்னேன். நாலு வருடத்தில் உன்னைப் பற்றி வெளியாட்களிடம் நான் இவ்வளவு பேசியதில்லை.

என் பக்கம் ஒரு நிபந்தனை. ஒரு மாதம் முடியாது என்று தெரிந்தால் பத்தாம் தேதிக்குள் சொல். பணம் வராததைச் சமாளித்துவிடுவேன். பதில் வராமல் போனால்தான் எனக்குக் கண்டபடி புத்தி போகிறது. போன தடவை எங்கே போனது என்று உனக்கே தெரியும்.

வாலு லீவுக்கு வரும்போது நீச்சல் உடையை மறக்காமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே குளம் இருக்கிறதா என்று கேட்டு எழுது.

வாலுவின் அப்பா

அக்டோபர் 16

வாலுவின் அப்பாவுக்கு,

பதிமூன்றாம் தேதி அனுப்பிய பணம் வந்திருக்கும். அதற்கு முன்னால் நடந்ததை இப்போது எழுதலாம், முடிந்துவிட்டது.

அந்தப் பெரிய கிளினிக்கைப் போன மாதக் கடைசியில் மூடிவிட்டார்கள். டாக்டர் வெளிநாடு போய்விட்டார். இரண்டு மாத வேலைக்கு எனக்கு வர வேண்டிய பணம் அவரோடு போயிற்று. ஒரு நாள் காலை டெலிவரி பெட்டியோடு போய் நிற்கிறேன், ஷட்டரில் பூட்டு. பெட்டிக்குள் யாருடைய அளவுக்கோ செய்த பதினாலு கேப்கள். அவற்றை வேறு யார் வாயிலும் வைக்க முடியாது.

கையில் இருந்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். வாலுவுக்கு, இல்லையென்றால் உலைத் தவணைக்கு. ஒரு நாள் பகல் முழுக்க யோசித்தேன். உங்களிடம் சொல்லலாமா என்றும் நினைத்தேன், பத்தாம் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. பிறகு, மேலே எழுதியது மேலேயே இருக்கட்டும் என்று வாலுவின் பணத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, உலைக் கம்பெனிக்கு நானே போன் செய்தேன்.

ஆள் வந்துவிட்டார், உலையைத் தூக்கிப்போக வேனோடு. மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து நின்றார். "மேடம், ஊர்ல எல்லாரும் மெஷினக் காப்பாத்திட்டு மத்தத தள்ளிப் போடுவாங்க. நீங்க தலைகீழா பண்றீங்களே. மெஷின் போனா அடுத்த மாசம் பிள்ளைக்கு எங்கேருந்து குடுப்பீங்க?"

"அது தெரிஞ்சுதான் உங்கள ஒளிஞ்சு ஓடாம கூப்பிட்டேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். ஆர்டர் நோட்டை அவர் முன்னால் பிரித்து வைத்தேன். சின்ன டாக்டர்கள் இருவரும் தருகிற வேலை, பழைய லேப் பீஸ் வேலை, எந்த வாரம் எவ்வளவு வரும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அப்படியே ஒரு கேப்பை உலையில் வைத்துச் சுட்டு எடுத்தும் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கடைவாயில் ஒன்று உடைந்திருப்பதாகச் சொன்னார். எங்கே போய் அச்சு எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் அவகாசம் தந்தார், அபராத வட்டியோடு. வேன் காலியாகத்தான் போயிற்று.

ஆறு வாரத்துக்குள் புதிதாக ஒரு டாக்டர் கிடைக்க வேண்டும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கிளினிக் வாசலில் நிற்கிறேன். நேற்றோடு பத்தொன்பது பேரைப் பார்த்தாயிற்று. இருபதாவது ஆள் இன்றைக்கு.

வாலுவின் அம்மா

அக்டோபர் 27

வாலுவின் அம்மாவுக்கு,

பணம் வந்தது. வேனுக்கும் வாடகைக்கும் கொடுத்தாயிற்று. உன் கடிதத்தில் பாதியை வாலுவுக்குப் படித்துக் காட்டினேன், உலைக்காரர் வந்த பாதியை. "அம்மா பயப்படவே இல்லையா?" என்றாள். பயந்திருப்பாள், உட்காரச் சொல்லிவிட்டுப் பயந்திருப்பாள் என்றேன்.

எங்கள் டிப்போ ஆட்களுக்குப் பல் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார். நேற்று எங்கள் டைம் கீப்பரை அங்கே கூட்டிப்போனேன். அவருடைய பல் செட், அவர் ஒன்று பேசினால் அது ஒன்று பேசும். டிரிப் ஷீட் விஷயமாக ஒருவரை அதட்டும்போது டீ கிளாசுக்குள் விழுந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் வேலை கொடுக்கிற லேப்பில் ஒரு வாரம் என்றால் ஒரு மாதமாம். கேட்டால் போன் எடுப்பதில்லையாம்.

நான் உன் விஷயத்தைச் சொன்னேன். இது உதவி என்று நினைக்காதே. உனக்கு வேலை வந்தால்தான் என் பிள்ளைக்குப் பணம் வரும், என் சுயநலம். ஐந்து மணி நேர ரயில் தூரம் என்றேன். "கூரியர்ல அச்சு அனுப்பிக்கலாம், அது பெரிய விஷயமில்ல" என்றார். டைம் கீப்பருடைய அச்சையே முதலில் அனுப்புகிறாராம், வியாழக்கிழமை உனக்கு வந்துவிடும். அவர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே பேசிக்கொள்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார், "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"எம் பொண்ணோட அம்மா."

"ஓ. வேலை எப்படி?"

"பல்லப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்" என்றேன். "சொன்ன தேதிக்கு வந்துரும்."

வாலுவின் அப்பா